உப்பு வண்டிக்காரனின் கடிதம்

நாம் நம்பாத ஒன்றைப் பற்றிக்கொண்டு இன்னொருவர் வாழ்கிறார். அதை அவர் கையிலிருந்து தட்டிவிடுகிறோம். அந்த இடத்தில் வைக்க நம்மிடம் வேறு எதுவுமில்லை. அப்படியானால் நாம் செய்ததற்கு என்ன பெயர்? கல்லூரியில் பகுத்தறிவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பேச்சுப் போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வி அவற்றில் எதிலும் எழவில்லை. ஆரணியிலிருந்து செய்யாருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து அது வந்தது.

நான் வரலாற்றில் முதுகலை முடித்தவள். எங்கள் குடியிருப்பில் அந்தப் படிப்புவரை போன முதல் பெண். ஆசிரியர் வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே, செய்யார் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு ஷூ கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தேன். புதிதாக வருகிற பெண்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்களின் விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும் என் வேலை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், மாலையில் அதே அளவு. வழியில் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. பாட்டுப் போடும் ஸ்பீக்கர் நான் சேர்வதற்கு முன்பே பழுதாகியிருந்தது. அதனால் அந்த பஸ்ஸில் கதை சொல்லும் வழக்கம் ஒன்று இருந்தது. யாராவது ஒருவர் சொல்வார், சுற்றியுள்ள நான்கைந்து இருக்கைகள் கேட்கும்.

கதைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அதை விதித்தவர் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் மாமனாரும் கணவரும் பவர்லூம் ஓட்ட, அவர் மட்டும் ஷூ தைக்க வந்துகொண்டிருந்தார். வாய்த்துடுக்குக்காரர். என் முறை வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா ஹிஸ்டரி மேடம், சீரியல் கதைன்னா வேணாம். அது எங்க வூட்லயே ஓடிகினுகீது, மாமியார் இலவசமா நடிக்குது. நெஜமா நடந்ததுன்னா சொல்லு. இல்லாட்டி தூங்கவுடு."

எனக்குப் பக்கத்தில் உட்காருகிற அக்கா இதற்கெல்லாம் சிரிப்பார், பேசமாட்டார். ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் அவர் வேகமான கை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய எட்டு வயது மகள் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் அவர் ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். கணவரும் அவர் வீட்டாரும் போகவில்லை, தடுக்கவும் இல்லை.

மகள் இறந்த விதத்தை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று காலை குழந்தைக்கு உடம்பு சுட்டது. வேலைக்குக் கிளம்பும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு மட்டும் இரும்மா" என்று கேட்டிருக்கிறது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, "வரும்போது பன்னு வாங்கினு வரேன்" என்று விரல்களை விலக்கிவிட்டு இவர் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். மாலையில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு நினைவில்லை. நினைவு திரும்பவும் இல்லை.

"கர்த்தர் வரும்போது மரிச்சவங்க எழுந்திருப்பாங்க. அவ எழுந்து வந்தா மொதல்ல அதத்தான் கேப்பா, ஏம்மா போனேன்னு. நான் சொல்லணும். அவ கால புடிச்சிகினு சொல்லணும். அதுக்குத்தாம்மா நான் இருக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அடுத்த வாரம் ஒரு திருமணத்துக்குப் போகவேண்டியிருப்பதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை லைனிலேயே மயங்கி விழுந்தார். முதலுதவி அறையில் அவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தபோது, இந்த நம்பிக்கை இவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்று நான் முடிவுசெய்தேன். அந்த முடிவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவரைக் கேட்காமலேயே அவருக்காக முடிவுசெய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரித் தோழி ஒருத்தி ஆங்கில நாவல் ஒன்றைச் செல்போனுக்கு அனுப்பினாள். ஆங்கிலம் பழகுவதற்காக அந்த வகை நாவல்களை நான் வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றின் அச்சும் ஏறக்குறைய ஒன்று: ஒரு பழைய ஓலையோ எலும்போ கிடைக்கும், திருச்சபை இரண்டாயிரம் வருடமாக மறைத்த ரகசியம் அதில் இருக்கும், அதைப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுவார்கள். இந்த நாவலில் ஒரு துறைமுக நகரத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற முதியவருக்கு, பழைய அட்டை ஒன்றின் உள்ளே மடித்துவைத்த கடிதம் கிடைக்கிறது. எழுதியவன் ஓர் உப்பு வியாபாரி. கல்லறையிலிருந்து இயேசுவின் உடலை எடுத்து, தன் வண்டியில் உப்பு மூட்டைகளுக்கு அடியில் வைத்து விடியற்காலையில் ஊரைக் கடந்ததாக அவன் எழுதியிருக்கிறான். உயிர்த்தெழுதலே நடக்கவில்லை என்பதுதான் கதை. நாவலின் முதல் பக்கத்தில், இதில் வரும் ஆவணங்கள் அனைத்தும் உண்மையானவை என்று ஒரு வரி இருந்தது.

வரலாறு படித்த எனக்கு அந்த வரியின் மதிப்பு தெரியும். அது வாசலில் கட்டுகிற தோரணம், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸின் நிபந்தனைக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது.

"இது நடந்ததா?" என்று தறிக்காரர் வீட்டுப் பெண் கேட்டார்.

"புத்தகத்துலயே போட்டிருக்காங்க, எல்லாம் நெஜமான ஆதாரம்னு."

"அப்ப சொல்லு. ஜல்தியா சொல்லு, நேத்து மாதிரி ராஜா யாரு, அவங்க அப்பா யாருன்னு இழுக்காத."

ஒன்பது நாள் சொன்னேன். நான் அதுவரை சொன்ன கதைகளில் இப்படி எதுவும் எடுபட்டதில்லை. பைண்டிங் முதியவரின் கடைக்கு முதல் கொலையாளி வந்த அன்று, பின் இருக்கைக்காரர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். ஒரு பெரிய பாதிரியார் வருவார். மிக அன்பாகப் பேசுவார், கடிதத்தை எரிக்கச் சொல்வார். "அய்யே, இனிக்க இனிக்கப் பேசறான், கொலையெல்லாம் இவன்தான் செய்ய வெச்சிகினு இருக்கறான்" என்று தறிக்காரர் வீட்டுப் பெண் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். கடைசியில் அந்த முதியவர் உயிருக்குப் பயந்து, கடிதம் பொய், நானே எழுதினேன் என்று ஊரறியச் சொல்லிவிடுவார்.

அக்கா ஒவ்வொரு நாளும் கேட்டார். அவர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கதையை முடித்தாக வேண்டும். மறுநாளிலிருந்து பத்து நாள் எனக்கு வேறு யூனிட்டில் பயிற்சி, வேறு பஸ். நாவலின் முடிவில், அந்த உடலை வியாபாரி ஒளித்துவைத்ததாகக் கடிதம் சொல்லும் குகையைத் திறக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஏன் ஒன்றுமில்லை என்பதற்கு நாற்பது பக்கத்துக்கு ஆய்வுக்கூட விவாதம் வருகிறது. அதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் யோசித்துவைத்திருக்கவில்லை. தொழிற்பேட்டை வளைவு வந்துவிட்டது. பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"குகைல ஏன் ஒண்ணுமே இல்ல? அத்த சொல்லும்மா, எறங்கணும்" என்றார் தறிக்காரர் வீட்டுப் பெண்.

அப்போது என் வாயில் வந்ததை நான் எங்கும் படித்திருக்கவில்லை. "உப்பு வண்டிக்காரன் குகைல குழி வெட்டி வெச்சி, மூட்டை மூட்டையா உப்பக் கொட்டி மூடிட்டான். நம்ம ஊர்ல பொதைக்கும்போது போடற மாதிரிதான். அதுல எலும்புகூட மிஞ்சாம கரைஞ்சிடுச்சி. அதான் ஒண்ணும் கெடைக்கல."

"ஆங்" என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்பது நாள் கேட்ட ரோமும் குகையும் துறைமுகமும் அந்த ஒரு வரியில்தான் அவர்களுக்குத் தெரிந்த இடமாயின. எங்கள் பக்கத்தில் புதைக்கிற குடும்பங்கள் குழியில் கல்லுப்புப் போடுவது எல்லோரும் பார்த்தது. எந்த ஆவணத்தையும்விட அது பலமாக நின்றது. பஸ்ஸும் நின்றது. இறங்கினோம்.

மாலையில் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வண்டி தொழிற்பேட்டையைத் தாண்டியதும் கேட்டார்.

"ஏம்மா, உப்பு போட்டா எலும்புகூட மிஞ்சாதா?"

நான் களைத்திருந்தேன். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை. "ஆமாங்கக்கா, நெறைய போட்டா கரைச்சிடும்னு எழுதியிருக்கு" என்றேன். காலையில் அவசரத்தில் ஒட்டுப்போட்டது. மாலையில் அதற்கு எழுத்தின் முத்திரையையும் வைத்துவிட்டேன்.

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார்.

"நானும் போட்டேன்" என்றார். "எங்க வூட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க ஒரு மூட்டை கொண்ணாந்து கொட்டனாங்க. தாய் போடணும்னு சொன்னாங்க. மூணு கைப்புடி. இந்தக் கையாலதான் போட்டேன்."

எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் ஒரு குழந்தையை எப்படிப் புதைப்பார்கள் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அக்கா, அது வெறும் கதைக்கா."

"நடந்ததுன்னு சொன்னியே."

"புத்தகத்துல அப்படிப் போட்டிருந்துச்சி. ஆனா அந்த உப்பு விஷயம் நானா சேத்தது. எறங்கற அவசரத்துல சொல்லிட்டேங்கக்கா. உப்புல எலும்பு அப்படியெல்லாம் கரையாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பரிவான பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்காகச் சொல்ற" என்றார். "பரவால்லம்மா."

பத்து நாள் பயிற்சியில் என் மனம் நிற்கவில்லை. எப்படியாவது உண்மையைச் சேகரித்துவிடலாம் என்று நினைத்தேன். நாவலை மறுபடி படித்தேன், இணையத்தில் தேடினேன். அந்தக் கடிதம் எந்த நூலகத்திலும் இல்லை, அப்படி ஒரு வியாபாரி இருந்ததற்குத் தடயம் இல்லை, ஆவணங்கள் எல்லாம் நாவலாசிரியரின் கற்பனை என்பதை ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் தமிழில் எழுதினேன். பழைய பஸ்ஸுக்குத் திரும்பிய அன்று செல்போனையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவருக்குக் காட்டினேன்.

"இங்க பாருங்கக்கா, கடைசி அத்தியாயம் இது. இதுல எங்கயும் உப்பக் கொட்டனதா இல்ல."

அவர் திரையைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. "நீ படிச்சி சொல்றதுதானம்மா. அன்னைக்கும் நீதான் படிச்ச."

"அந்தக் கடுதாசியே பொய்க்கா. எழுதனவரு கற்பனையா எழுதனது."

"அந்த பைண்டிங் பெரியவரும் கடைசில அப்படித்தான சொன்னாரு? பொய்யி, நானே எழுதனேன்னு. உயிருக்குப் பயந்துகினு."

இந்த வகைக் கதைகளின் கட்டுமானம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மறுப்பவர்கள் எல்லோரும் மறைப்பவர்கள் என்று அவை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகின்றன. உள்ளே போக ஒரு கதவு. வெளியே வர கதவு வைப்பதில்லை. ஒன்பது நாள் செங்கல் அடுக்கி நானே அதைக் கட்டியிருந்தேன்.

முன் இருக்கையிலிருந்து தறிக்காரர் வீட்டுப் பெண் திரும்பினார். நடந்தது அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. அவருடைய குரலில் கேலி இல்லை.

"இன்னாக்கா நீ, இதுக்குப் போயி பேஜாராவுற? எங்க வூட்ல எரிக்கறதுதான். சாம்பலத் தண்ணியில வுட்டுட்டு வந்துடறோம். ஒண்ணுமே மிஞ்சறதில்ல. அதுக்காக எல்லாம் முடிஞ்சி போச்சின்னா இருக்கறோம்? உம் பொண்ணு எங்கயாவது நல்ல வூட்ல பொறந்து, இந்நேரம் பள்ளிக்கூடம் போயிகினு இருக்கும்."

அக்கா அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; அதுவும் ஒரு வழியாக இருக்குமா என்று பார்க்கிற முகம்.

"வேற ஆளா பொறந்துட்டா அவளுக்கு என்னத் தெரியாதே" என்றார். "நான் யாருகிட்ட சொல்றது?"

தறிக்காரர் வீட்டுப் பெண் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை வற்புறுத்தி ஜெபக்கூடத்துக்கு நானே அழைத்துப்போனேன். இரண்டு வாரமாக அவர் போகவில்லை. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். ஆராதனை முடிந்து பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர், முன்பு பெட்டிக்கடை வைத்திருந்தவர், எங்கள் ஊர்க்காரர்தான். நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அக்காவிடம்தான் பேசினார்.

"தங்கச்சி, மண்ண எடுத்து மனுசனப் பண்ணவரு அவரு. அவருக்கு எலும்பு மிச்சம் இருந்தாத்தான் ஆவுமா? கடல்ல செத்தவன் எத்தன பேரு, மீனு தின்னவன் எத்தன பேரு. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புடப் போறாரு. உப்பு அவருக்கு ஒரு தடையாம்மா?"

நம்பிக்கையில்லாத எனக்கே அந்தப் பதில் போதுமானதாகத் தோன்றியது. அந்த வாசலில் நின்றபடி, இவர் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று நான் விரும்பினேன். யாரிடம் வேண்டுவது என்று தெரியாமல் வேண்டினேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கா தலையசைத்தார், முழங்காலிட்டார், பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டேன். "இப்ப பரவால்லியாக்கா?"

"நல்லாத்தான் சொல்றாரு" என்றார். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே, பழி எதுவும் இல்லாத குரலில் தொடர்ந்தார். "அந்தக் கதையில வர்ற பெரிய பாதிரியாரும் நல்லாத்தானம்மா பேசனாரு."

அதற்கு மேல் நான் எதையும் முயலவில்லை. முயல்வதற்கு என்ன இருந்தது என்று இன்றும் தெரியவில்லை. வேறொரு புத்தகத்தைக் கொண்டுபோயிருக்கலாம். அதையும் நான்தான் படித்துச் சொல்லியிருப்பேன். வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துப்போயிருக்கலாம். எலும்பு கரையாது என்று அவர் நிரூபித்திருப்பார். ஆனால் அக்காவின் கேள்வி எலும்பைப் பற்றியதாக முதல் நாள் மட்டும்தான் இருந்தது. பிறகு, பெரியவர்கள் எல்லோரும் கூடி ஒன்றை மறைக்க முடியும், அன்பாகப் பேசியே மறைக்க முடியும் என்பது அவருக்குள் போய்விட்டிருந்தது. உலகத்தில் அது நடப்பதும் உண்மைதான். அவருடைய வாழ்க்கையில் அதற்கு எத்தனையோ சான்றுகள் இருந்தன. எங்கள் எல்லோருடைய வாழ்க்கையிலும் உண்டு. அதனால்தான் கதை அங்கே அவ்வளவு எளிதாக வேர்பிடித்தது.

அந்த நாவல்களை எழுதுகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை எழுத்துக்கு உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். அவர்கள் அந்நியர்களுக்காக எழுதுகிறார்கள், விருப்பமில்லாதவர் மூடிவைத்துவிடலாம். நானோ ஓடுகிற பஸ்ஸில், எழுந்துபோக முடியாத ஒருவரின் காதருகே சொன்னேன். அவர் என்னை நம்பியது கதைக்காக அல்ல. எங்கள் தெருப் பெண் ஒருத்தி படித்திருக்கிறாள், அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதற்காக.

அக்கா இப்போது ஜெபக்கூடத்துக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் பெயர் கொடுத்துவிடுகிறார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார், நலம் விசாரிக்கிறார். மகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.